அஞ்சரைத் தலை நாகம்

என் ஜாதகத்தில் நாகதோஷம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கல்யாணப் பேச்சு நடந்த அந்த ஏழெட்டு மாதமும் இதை வாய் திறந்து ஒருவரிடமும் சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில், கட்டடப் பிரிவில் வரைவாளர் வேலை. அப்பா காலமாகிவிட்டார், வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். கல்யாணத் தரகர் ஒருநாள் வந்து காப்பி குடித்துவிட்டு, "முப்பத்தஞ்சத் தாண்டிட்டா ஃபோட்டோவக்கூட வாங்கிப் பாக்க மாட்றாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலமே அம்மா என் வயதில் மூன்று வருஷத்தைக் கழித்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பயோடேட்டாவில் மட்டும் குறைத்தால் போதாதே, ஜாதகமும் அதற்குத் தோதாக இருக்க வேண்டும். அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்குப் போனாள். அதே தேதி, அதே நேரம், வருஷத்தை மட்டும் மாற்றிச் சொல்லி, பிள்ளையார் படம் போட்ட அட்டையோடு ஒரு புது ஜாதகம் வாங்கி வந்தாள். என் அசல் ஜாதகத்தைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்து பீரோவைப் பூட்டினாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ராகு பின்பக்கமாக நடக்கிற கிரகம். ஒரு வீட்டில் ஒன்றரை வருஷம் இருப்பார், மூன்று வருஷத்தில் இரண்டு வீடு பின்னால் போய்விடுவார். என் அசல் ஜாதகத்தில் ஒன்பதாம் வீட்டில் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவர், அம்மா தள்ளிய தள்ளில் ஏழாம் வீட்டில் வந்து விழுந்தார். ஏழாம் வீடு கல்யாணத்துக்குரிய வீடு. எதிரே முதல் வீட்டில் கேது. ஜோசியம் தெரியாதவர்கூட அந்தக் கட்டத்தைப் பார்த்து உச் கொட்டுவார். பிறக்கவே பிறக்காத ஒருத்திக்கு இப்படியாக நாகதோஷம் வந்தது, அதைச் சுமக்கிற வேலை எனக்கு வந்தது.

இதெல்லாம் தெரிவதற்குள் நான் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். மாப்பிள்ளை எனக்குப் பிடித்துப் போய்விட்டார்.

அவர்கள் குடும்பம் சிதம்பரத்தில், நடராஜர் கோயிலைச் சுற்றியிருக்கும் வீதி ஒன்றில் பல தலைமுறையாக இருப்பவர்கள். அவரும் அவர் அம்மாவும்தான். அவருக்கு வேலை பெண்ணாடம் பக்கம் ஒரு கரும்பு ஆலையில், லேபில் கரும்புச் சாற்றைச் சோதித்துப் பார்ப்பது. கோயிலிலேயே பெண் பார்த்தார்கள். பெரியவர்கள் இருவரும் எங்களைக் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். பிரகாரத்தில் பாதி தூரம் போயிருப்போம். திடீரென்று அவர், "எனக்குப் பாம்புன்னா பயங்க" என்றார்.

"கரும்பு லோடுல பாம்பு வரும். ஒருவாட்டி லேபுக்குள்ளயே கெடந்துது. நான் டேபிள் மேல ஏறி நின்னுட்டேன். அர மணி நேரங்க. அப்புறம் ஒருத்தர் வந்து, அது பாம்பில்ல, மெஷின் பெல்ட்டுன்னு கையில எடுத்துக் காமிச்சாரு."

"அப்புறம்?"

"அப்பவும் நான் எறங்கல."

பெண் பார்க்க வந்த இடத்தில் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்கு முன்பு வந்தவர்கள் எல்லாரும் பைக் எத்தனை சிசி என்று சொன்னவர்கள். நான் சிரித்த சிரிப்பில் முன்னால் போன ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அவர் அம்மாவிடமிருந்து ஃபோன். பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் ஜோசியர் நாகதோஷம் என்கிறார். அரசும் வேம்பும் சேர்ந்திருக்கிற இடத்தில் பெண் பேரில் ஒரு நாகர் கல்லைப் பிரதிஷ்டை பண்ணிவிட்டால் ஆடிக்கு முன்னால் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம். பண்ணாமல் மேலே பேச்சு இல்லை.

"அம்மா, எனக்குத் தோஷமே இல்லன்னு சொல்லிடலாமே" என்றேன்.

"தோஷம் இல்லன்னு சொன்னா வயச சொல்லணும். வயச சொன்னா அவுங்க எந்திரிச்சிப் போயிடுவாங்க. இன்னா, சொல்லட்டுமா?" என்றாள் அம்மா. அவர் எழுந்து போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

குறிஞ்சிப்பாடி தாண்டி ரோட்டோரம் ஒரு கல் பட்டறை இருக்கிறது. ரெடிமேட் நாகர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லாம் அகப்பையைக் கவிழ்த்து வைத்து அதில் இரண்டு கண் வரைந்த மாதிரி இருந்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இல்லாத தோஷத்துக்குக் கல் வைப்பதே அநியாயம், அந்தக் கல்லாவது நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா? கோயிலில் இருக்கிற பழைய நாகம் ஒன்றைப் பார்த்து நானே அளவெடுத்து வரைந்து தருகிறேன், அப்படியே செய்து கொடுங்கள் என்று சிற்பியிடம் சொன்னேன். அவர் என் வயதுக்காரர். காதில் பஞ்சு, கையில் கிரைண்டர், வேலை செய்யும்போது யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். அதற்கும் தலையாட்டினார்.

"பாம்புல இன்னாடி அழகு வேண்டிக்கெடக்கு" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். பாம்பைத் தேடிக்கொண்டு அந்தக் கோயிலுக்குள் போனால் பிறகு வேறு எதுவும் கண்ணில் படாது. நடராஜர் உடம்பில் பாம்பு வீட்டுப் பூனை மாதிரி செல்லமாகத் தொத்திக்கொண்டிருக்கும். பதஞ்சலி முனிவர் இடுப்புக்கு மேலே மனிதர், கீழே பாம்பு. அவர் கைகூப்பி நிற்கிறார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கால் இல்லாதவர் எப்படி நிற்பார் என்று சின்ன வயதில் கேட்டு முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன். பழைய கோயில் மண்டபக் கூரைகளில் சந்திரனைப் பாம்பு விழுங்குகிற சிற்பம் ஒன்று இருக்கும், கிரகணத்தைத்தான் அப்படிச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் முழு போண்டாவை வாயில் போட்டுவிட்டு மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழிக்கிற மாமாக்களைத்தான் எனக்கு அது ஞாபகப்படுத்தும்.

நான் தேடிப் போனது ஒரு சின்னச் சிற்பம். இடத்தைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கே மஞ்சள் பூசிவிடுவார்கள். சோழர் காலமோ, அதற்குப் பிந்தியதோ, நான் கல்வெட்டு படித்தவள் இல்லை. ஏழு தலை நாகம். உடம்பு கீழே சுருண்டு, மேலே படங்கள் விரிந்திருக்கும். ஏழில் ஒரு தலை மட்டும் நேரே பார்க்காமல், பக்கத்துத் தலையின் பக்கம் லேசாகத் திரும்பியிருக்கும், ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி. செய்தவர் நிஜப் பாம்பையும் பார்த்திருக்கிறார், கூட்டுக் குடும்பத்தையும் பார்த்திருக்கிறார். எனக்கு அந்தத் தலை மேல் ஒரு பிரியம்.

உள்ளே ஃபோட்டோ எடுக்கக் கூடாது. நோட்டு, பென்சில், டேப் மூன்றையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அகலம், உயரம், ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொண்டிருந்தபோது, பின்னால் ஒரு பெண் நின்று, "எத்தினி வாட்டி அளக்கணுங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கவனமில்லாமல், "மூணு வாட்டி அளந்தாதான் கரெக்டா வரும்" என்றேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் நின்றவர் குனிந்து, சாணால் பாம்பை மூன்று முறை அளந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டாமவர் வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஆறு முறை அளந்தார். இது பரிகாரம் இல்லை, டிராயிங் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. இன்றைக்கும் அங்கே யாராவது அளந்துகொண்டிருந்தால் அதற்குக் காரணம் நான்தான்.

வீட்டுக்கு வந்து சுத்தமாக ஒரு படம் போட்டேன். எங்கள் ஆபீஸில் என் வேலை பெரும்பாலும் ரிப்பேர் கட்டடங்களை வரைவது. விரிசல் இருந்தால் விரிசலைப் போட வேண்டும். சன்ஷேடு பாதி விழுந்திருந்தால் பாதியைத்தான் போட வேண்டும். இருக்கிறதை இருக்கிறபடி வரை என்று சேர்ந்த முதல் நாள் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். பதினாலு வருஷத்தில் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. அந்தப் பழைய நாகத்துக்கு வலது ஓரத்துத் தலை முழுக்கப் போயிருந்தது, அதற்கடுத்த தலை பாதி போயிருந்தது. குறுக்கே ஒரு விரிசல். கழுத்துக்கு அடியில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. அத்தனையையும் மில்லிமீட்டர் போட்டு வரைந்திருக்கிறேன். என் கைக்கு அது தப்பு என்றே தோன்றவில்லை. உடைந்ததைச் சரிசெய்து முழுசாகச் செதுக்குவார் என்று நினைத்திருக்கலாம். உண்மையைச் சொன்னால் எதையுமே நினைக்கவில்லை. படம் அழகாக வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

செதுக்கி முடித்த கல்லைப் பிரதிஷ்டைக்கு முன்னால் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். நான் ஆபீஸில் இருந்த ஒரு நல்ல நாளில் சிற்பி கல்லை மஞ்சள் துணியில் சுற்றி, வைக்கோல் வைத்துக் கட்டி, எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருக் கோயிலில் இறக்கினார். துணியோடு அப்படியே தொட்டிக்குள் இறக்கினார்கள். அம்மா பூப் போட்டுக் கும்பிட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த நாற்பத்தெட்டு நாளும் நானும் அவரும் தினம் ஃபோனில் பேசினோம். கரும்பில் எந்தக் கணு அதிகம் இனிக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். தொட்டியைத் தாண்டி ஆபீஸுக்குப் போகும்போதெல்லாம் அன்றைக்குச் சாயங்காலம் வயதைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணுவேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பேன். "எனக்கும் ஒண்ணு சொல்லணுங்க" என்பார் அவர். நீங்க சொல்லுங்க, இல்ல நீங்க சொல்லுங்க என்று கொஞ்ச நேரம் போகும். கடைசியில் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் அவரும் அவர் அம்மாவும் சிதம்பரத்திலிருந்து வந்தார்கள். குருக்கள் வந்தார். கல்லைத் தூக்க சிற்பியும் வந்தார். மாப்பிள்ளை மட்டும் பாம்பு என்பதால் பத்தடி தள்ளி மோட்டார் பம்பு பக்கத்தில் நின்றுகொண்டார். தண்ணீருக்குள்ளிருந்து கல்லைத் தூக்கி அரசமரத்தடியில் நிறுத்தி, குருக்கள் துணியை அவிழ்த்தார். மஞ்சள் தண்ணீர் வழிந்தது. அந்தத் தலை, திரும்பிப் பார்க்கிற தலை, அப்படியே உயிரோடு வந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குருக்கள் எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." அவர் விரல் அந்தரத்தில் நின்றது. "அஞ்சரை."

மறுபடி எண்ணினார். அப்போதும் அஞ்சரைதான் வந்தது. குறுக்கே விரிசல், பல்லி ஓடின மாதிரி நெளிந்து நெளிந்து, வளைவு மாறாமல் இருந்தது. கழுத்துக்கு அடியில் குளவிக்கூடு. அதன் ஓட்டைகள்கூட விடாமல், ஊசி உளி வைத்துத் துளைத்திருந்தார். நான் போட்ட படத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தவறவில்லை.

"இது இன்னாப்பா?" என்று கூட்டைக் காட்டிக் கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"தெரியலீங்கம்மா. படத்துல இருந்துது" என்றார் சிற்பி. பையிலிருந்து என் படத்தை எடுத்துக் காட்டினார், லேமினேஷன் பண்ணி வைத்திருந்தார். "மேடம் கவர்மெண்டு ஆபீஸ்ல வரையிறவங்க. எல்லாத்துக்கும் அளவு போட்டிருந்தாங்க. தோஷத்துக்கு ஏத்தாப்புல ஒன்ற தலைய ஜோசியரு கொறைக்கச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். அந்தக் கூட்டுக்குத்தான் நாலு நாளு ஆச்சு."

"பின்னமான விக்ரகத்தப் பிரதிஷ்டை பண்ணப்படாதும்மா" என்றார் குருக்கள்.

"பின்னம் இல்லீங்க சாமி. எங்க ஒடஞ்சுது? ஒடஞ்சிருந்தா துண்டு இருக்கணுமில்ல? இது முழுசு" என்றார் சிற்பி. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். குருக்கள் யோசித்து, தனக்குப் பெரியவர் ஒருவருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "உடைஞ்சதா, உடைஞ்ச மாதிரி பண்ணினதா?" என்று குரல் கேட்டது. உடைந்த மாதிரி பண்ணியது என்றார் இவர். "எதுக்கு?" என்றது குரல். குருக்கள் என்னைப் பார்த்தார், நான் சிற்பியைப் பார்த்தேன். லைன் கட் ஆகிவிட்டது. அந்தப் பெரியவரே கட் பண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அம்மா கையைப் பிசைந்துகொண்டு, "கொஞ்சம் சிமென்ட் வெச்சி ஒன்ற தல ஒட்டிடலாமே அண்ணி" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் எதிரில் நின்றார்.

"தல இல்லன்னு பாத்த இல்ல? நீயா ஒரு தலயப் போட்டுக் குடுத்திருந்தா இன்னாம்மா?"

"அங்க இல்லீங்களே அத்த. இல்லாதத எப்படிப் போடறது?"

"அப்ப இல்லாதத நீ போட மாட்ட."

"மாட்டேங்க."

"செரி. உன் வயசு இன்னா?"

அம்மாவின் விரல்கள் என் முழங்கைக்கு மேல் இறுகின. "முப்பத்திமூணு" என்றாள் அம்மா. "அவ சொல்லட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

நான் பம்பு பக்கம் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் போய்விடுவார்கள், இனி சாயங்காலம் ஃபோன் அடிக்காது என்று நினைத்தேன். எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் குளவிக்கூட்டின் ஓட்டையைக்கூட அளந்து போட்டவள் இந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து மூன்று வருஷத்தை எப்படி மறைப்பது?

"முப்பத்தாறுங்க" என்றேன். "ஜாதகமும் என்னுது இல்ல. எனக்குத் தோஷம் இல்லீங்க."

அவர் அம்மா மெதுவாகப் பின்னால் திரும்பினார். "நீ இன்னாடா கம்பம் மாதிரி நிக்கிற? பொம்பளப் புள்ள சொல்லிடுச்சி. உன்னுதையும் சொல்லு."

"முப்பத்தொம்போதுங்க" என்றார் அவர், பத்தடி தூரத்திலிருந்து. "முப்பத்தஞ்சுன்னு போட்டுட்டாங்க. அததாங்க ஃபோன்ல சொல்லலாம்னு இருந்தேன்."

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார் அவர் அம்மா. "இப்ப இன்னா பண்ணச் சொல்றீங்க?"

குருக்கள் மணியையும் தட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டே, அப்படியென்றால் இந்தக் கல் யாருக்கு என்று கேட்டார். சிற்பிதான், கல்லைத் தானே எடுத்துக்கொள்வதாகவும், இவ்வளவு நுணுக்கமாகத் தான் எதையும் செய்ததில்லை என்றும், பட்டறை வாசலில் வைக்கப் போவதாகவும் சொன்னார். வண்டியில் ஏற்ற எல்லோரும் கை கொடுத்தோம். மாப்பிள்ளையும் வந்து கண்ணை மூடிக்கொண்டு வால் பக்கத்தைப் பிடித்தார். கிளம்பும்போது அவர் அம்மா, "கல்ல வேணாம்னு சொல்லியாச்சி. பொண்ண வேணாம்னு சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் தோணல. ஆனியில ஒரு நாள் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவிடம் சண்டை போட வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். இத்தனை மாதம் என் வாயைக் கட்டிப்போட்டவள் அவள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, விளக்கைக்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். என்னம்மா, எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது என்றேன்.

"உன்ன உன் வயசோட சேத்துப் பொண்ணு கேக்குறாங்கடி" என்றாள். "யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சிட்டேன்டி."

அடுக்கி வைத்த வார்த்தையில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.